தோற்கத் தெரியாதவர்களின் ஏப்ரல்

சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்களாகிய எங்களுக்கு வாழ்க்கையில் எத்தனையோ குறைகள் உண்டு என்றாலும், ஐபிஎல் விஷயத்தில் மட்டும் வாய் திறந்து குறை சொல்லும் நிலை அவ்வளவாக வந்ததில்லை. 2024 வரை அணி ஆடிய 15 தொடர்களில் 12 முறை பிளே ஆஃப், 10 முறை இறுதிப் போட்டி, 5 முறை கோப்பை என்று கணக்கு இருந்தபடியால், மே மாதக் கடைசி வாரத்தில் எந்த உறவினர் வீட்டு விசேஷத்திற்கும் வர இயலாது என்று தை மாதமே சொல்லிவைக்கும் துணிச்சல் எங்களிடம் இருந்தது. அப்படிப்பட்ட எங்களிடம் தோற்பதற்கான அடிப்படைப் பயிற்சிகூட இல்லை என்பது 2025 ஏப்ரலில்தான் ஊருக்கே தெரியவந்தது.

தொடக்கம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. மார்ச் 23 அன்று சேப்பாக்கத்தில் மும்பையை வென்றோம். எங்கள் சுழற்பந்து வீச்சாளர் நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். ஆறாவது கோப்பையை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு கவலை எதுவும் அன்றிரவு எங்கள் குடியிருப்பில் இருந்ததாக நினைவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பெங்களூரு அணி வந்தது. 2008க்குப் பிறகு சேப்பாக்கத்தில் எங்களை ஒருமுறைகூட வென்றறியாத அணி என்பதால், நாங்கள் அதை எதிரணியாகக் கருதாமல் விருந்தாளியாகவே கருதினோம். விருந்தாளி 50 ரன் வித்தியாசத்தில் வென்றுவிட்டுப் போனார். அந்த ஆட்டத்தில் அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவது ஆளாக இறங்கிய தோனி, எல்லாம் முடிந்துபோன நேரத்தில் 16 பந்தில் 30 ரன் அடித்தார். அதற்கு எழுந்த ஆரவாரத்தைக் கேட்டுக் கீழ்வீட்டுப் பெரியவர் படியேறி வந்து, ஜெயித்துவிட்டோமா என்று மலர்ந்த முகத்துடன் விசாரித்தார். இல்லை, தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு விளக்குவதற்குள் எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோல்வி. சேப்பாக்கத்தில் டெல்லியிடம் 25 ரன்னில் தோல்வி. அவர்களும் 2010க்குப் பிறகு அன்றுவரை இங்கே வென்றதில்லை. முல்லன்பூரில் பிரியான்ஷ் ஆர்யா என்ற இளைஞர் 42 பந்தில் 103 அடித்தார். பஞ்சாபிடம் 18 ரன்னில் தோல்வி. நான்காவது தோல்வியின்போது எங்கள் வீட்டில் அறிவியல் முழுமையாகக் கைவிடப்பட்டது. வென்ற அன்று யார் எந்த நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள் என்று நினைவுகூர்ந்து அதன்படியே அனைவரும் உட்காரவைக்கப்பட்டனர். அன்று இரவு உப்புமா சாப்பிட்டதாக என் மகன் சாட்சி சொன்னதால், உப்புமாவுக்கு நேர்ந்த மரியாதை வரலாறு காணாதது.

இந்தக் காலகட்டத்தில் அணியின் முடிவுகளை முழுமனதோடு ஏற்றுக்கொண்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் தாயார். தோனியை ஏன் இவ்வளவு தாமதமாக இறக்குகிறார்கள் என்று நாடே கேட்டபோது, அவருடைய முழங்கால் முன்பு போல் இல்லை என்றும் பத்து ஓவர் முழுவதும் ஓடி ஆட முடியாது என்றும் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் விளக்கம் அளித்தார். நாங்கள் அதை நம்ப மறுத்து ஆளுக்கொரு கோட்பாடு பேசிக்கொண்டிருக்க, என் தாயார் மட்டும் தம்முடைய முழங்காலைத் தடவிக்கொண்டு, “மூட்டு வலி வந்தவங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளை நாப்பத்து மூணு வயசுல குனிஞ்சு நிமிர்ந்து கீப்பிங் செய்யறதே பெரிசு” என்றார். கொல்லிமலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு தருவித்து சூப் வைத்துக் குடித்தால் மூன்றாவது ஆளாகவே இறங்கலாம் என்பது அவருடைய துணைக் கருத்து. அணி நிர்வாகத்திற்கு இதை யாராவது தெரிவிக்க வேண்டும் என்று அவர் என்னைத்தான் பார்த்தார்.

என் பிரச்சினை அலுவலகத்தில் இருந்தது. பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஓசூர்க்காரர். பள்ளிக்கூட நாளிலிருந்தே பெங்களூரு அணியின் ரசிகர். தோல்வி என்ற துறையில் அவருக்கு இருந்த புலமையை நான் அதுவரை மதித்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் கேலிதான் செய்திருக்கிறேன். ஐந்தாவது தோல்விக்கு மறுநாள், வேறு வழியில்லாமல், அவரிடமே ஆலோசனை கேட்கப் போனேன். ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக நாங்கள் 20 ஓவரில் எடுத்தது 103. அவர்கள் அதை 10.1 ஓவரில் எடுத்துவிட்டு விடுதிக்குப் போய்விட்டார்கள். அணித்தலைவர் ருதுராஜ் முழங்கை எலும்பு முறிந்து விலகியதால் தோனியே மீண்டும் தலைவராகியிருந்த ஆட்டம் அது. ரன் எடுக்காத ஒவ்வொரு பந்துக்கும் மரக்கன்று நடுவதாகக் கிரிக்கெட் வாரியம் அறிவித்திருந்ததால், தமிழகத்தின் வனப்பரப்பு அன்றிரவே கூடியிருக்கும் என்று ஊரே பேசிச் சிரித்தது.

“நூற்று மூன்றுக்கா சார் இப்படி உடைந்துபோகிறீர்கள்? நாங்கள் 2017இல் இதே கொல்கத்தாவிடம் நாற்பத்தொன்பதுக்கு ஆல் அவுட் ஆனவர்கள்” என்று அவர் தொடங்கியபோது, தகுந்த குருவிடம் வந்து சேர்ந்திருக்கிறேன் என்பது புரிந்தது. அவருடைய உபதேசம் நீளமானது. தோற்ற மறுநாள் செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிக்கக்கூடாது. புள்ளிப் பட்டியலை மே மாதம் வரை ஏறெடுத்தும் பார்க்கக்கூடாது. அணி தோற்றால் தனிமனிதச் சாதனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 2016இல் கோலி 973 ரன் அடித்தும் கோப்பை வரவில்லை, ஆனால் அந்த 973ஐ வைத்து அவர்கள் எத்தனையோ ஆண்டுகள் காலம் தள்ளினார்கள். எங்களுக்கு அப்போது, தொடரில் அதிக விக்கெட் எடுத்தவருக்குத் தரும் ஊதாத் தொப்பியோடு நூர் அகமது இருந்தார். கோப்பை இல்லாவிட்டால் தொப்பி என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். எல்லாவற்றிலும் மேலாக, பிளே ஆஃப் வாய்ப்பைக் கணக்கிடும் கால்குலேட்டரைக் கைவிடக்கூடாது என்றார். 2024இல் முதல் எட்டு ஆட்டங்களில் ஏழில் தோற்ற அவர்கள், அதன்பின் தொடர்ந்து ஆறில் வென்று, கடைசியில் எங்களையே வெளியே தள்ளிவிட்டு உள்ளே போனதை அவர் நினைவூட்டிய விதத்தில் கொஞ்சம் விஷமம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

உண்மையில் ஏன் தோற்றோம் என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஏலத்தில் அஸ்வினுக்கு 9.75 கோடி கொடுத்து, ஜடேஜா, நூர் ஆகிய சுழற்பந்து வீச்சாளர்களோடு சேர்த்து, சேப்பாக்கத்தில் பந்து திரும்பும் என்ற நம்பிக்கையில் அணியைக் கட்டினார்கள். ஆடுகளம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இங்கே சொந்த ஊர்ச் சாதகம் எதுவும் தங்களுக்கு இல்லை என்று ஃபிளெமிங்கே சொன்னபோது, கழுத்தில் மஞ்சள் துண்டும் கையில் விசிலுமாக அரங்கத்துக்குப் போன நாங்கள் எதற்காக என்ற கேள்வி எழுந்தது. மற்ற அணிகள் முதல் ஆறு ஓவரிலேயே ஆட்டத்தைத் தீர்மானிக்கப் பழகிவிட்ட காலத்தில், நாங்கள் மட்டும் 160 எடுத்துவிட்டுப் பந்துவீச்சாளர்களிடம் ஒப்படைக்கும் பழைய பொருளாதாரத்தில் இருந்தோம். 180க்கு மேற்பட்ட இலக்கை 2019க்குப் பிறகு எட்டியதே இல்லை என்ற புள்ளிவிவரம் வேறு, வர்ணனையாளர்கள் வாயில் வெற்றிலை போல் மெல்லப்பட்டுக்கொண்டே இருந்தது. தோனி என்ற ஒருவர் கடைசியில் வந்து சரிசெய்துவிடுவார் என்று நாங்களும் அணியும் ஒருசேர நம்பியதுதான் இவற்றில் பழமையான நோய் என்பது என் எண்ணம்; ஆனால் இதை வீட்டில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

சித்திரை முதல் நாளன்று லக்னோவில் ஆட்டம் வந்தது. வேப்பம்பூ சேர்த்த மாங்காய்ப் பச்சடியைச் சாப்பிட்டு முடித்த என் தாயார், குரோதி வருஷம் ஒழிந்து விசுவாவசு பிறந்துவிட்டது, இனித் தோல்வி இல்லை என்று அறிவித்தார். அதேபோல் அன்றிரவு 167 என்ற இலக்கை மூன்று பந்து மீதமிருக்க எட்டினோம். தோனி 11 பந்தில் 26 அடித்து ஆட்ட நாயகன் விருதும் வாங்கினார். எனக்கு ஏன் இதைக் கொடுக்கிறார்கள் என்று அவரே வியந்ததை என் தாயார் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். விசுவாவசு ஆறு நாள் நீடித்தது. 20ஆம் தேதி வான்கடேயில் மும்பை 9 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. 25ஆம் தேதி ஐதராபாத், சேப்பாக்கத்தில் தன் முதல் வெற்றியைப் பதிவு செய்தது. நெடுங்காலமாக இங்கே வெல்லாத அணிகள் எல்லாம் குறை தீர்க்கும் நாள் முகாமுக்கு மனுவோடு வருவதுபோல் வந்து, கையோடு பரிகாரம் பெற்றுச் சென்றன. ஏப்ரல் 30 அன்று சாம் கரன் 88 ரன் அடித்தும், சஹல் ஒரே ஓவரில் ஹாட்ரிக்கோடு நான்கு விக்கெட்டை வாரிக்கொண்டு போக, பஞ்சாபிடம் மீண்டும் தோற்று, தொடரை விட்டு வெளியேறிய முதல் அணி என்ற பெயரையும் பெற்றோம்.

மறுநாள் மே தினம் என்பதால், ஓசூர்த் தம்பியை அதற்கடுத்த நாள்தான் எதிர்கொள்ள நேர்ந்தது. கால்குலேட்டருக்கு இனி வேலையில்லை என்றேன். அவர் அனுதாபத்துடன் தலையசைத்து, “இனிமேல்தான் சார் கடினமான பகுதி. வெளியேறிய பிறகு ஜெயிப்பார்கள் பாருங்கள், அதைத் தாங்குவதுதான் கஷ்டம்” என்றார். அவர் வாக்கு பொய்க்கவில்லை. ஈடன் கார்டனில் கொல்கத்தாவை வென்றார்கள். கடைசி ஆட்டத்தில், பட்டியலின் உச்சியில் இருந்த குஜராத்தை அகமதாபாத்திலேயே 83 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தினார்கள். 230 ரன் அடித்தார்கள்! இந்த 230 ஏப்ரலில் எங்கே போயிருந்தது என்று நான் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினேன். வெற்றிக்குப் பிறகும் பத்தாவது இடத்தில்தான் முடித்தோம். அதற்குமுன் நாங்கள் ஒருமுறையும் கடைசியில் நின்றதில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஓய்வைப் பற்றித் தோனியிடம் கேட்டார்கள். முடிவெடுக்க நான்கைந்து மாதம் இருக்கிறது, அவசரம் ஒன்றுமில்லை, ராஞ்சிக்குப் போய் மோட்டார் சைக்கிள் ஓட்டப்போகிறேன் என்றார் அவர். கொல்லிமலையிலிருந்து ராஞ்சிக்குக் கூரியர் போய்ச் சேர எத்தனை நாளாகும் என்று என் தாயார் என்னிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.