பழைய பீங்கான் தட்டு வாங்குமுன்

முதலில் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். பூவேலைப்பாடு ஏமாற்றும், அடிப்பக்கம் அவ்வளவு சுலபமாக ஏமாற்றாது.

வைர வடிவ முத்திரை இருந்தால் இங்கிலாந்துச் சரக்கு, 1842–1883. உச்சி வட்டத்தில் ரோமன் நான்கு என்றால் மண்பாண்டம், பீங்கான் வகை. அதற்குக் கீழே ஆங்கில எழுத்து இருந்தால் 1867 வரை. எண் இருந்தால் 1868 முதல். 1884 முதல் வைரம் போய் 'ஆர்டி நம்பர்' (Rd No, டிசைன் பதிவு எண்) வந்தது. கவனம்: இரண்டுமே டிசைனைப் பதிவு செய்த தேதிதான். அதே தட்டை இருபது வருஷம் கழித்தும் சுட்டிருப்பார்கள்.

'இங்கிலாந்து' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிறகு. அமெரிக்கச் சுங்கச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டது. 'மேட் இன்' சேர்ந்தால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டு. 'ஆக்குபைடு ஜப்பான்' (ஆக்கிரமிப்பில் இருந்த ஜப்பான்) என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சில வருஷங்கள், 1952 வரை.

முத்திரையே இல்லையா? தட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்து, இரண்டுக்கும் நடுவில் விரலை வையுங்கள். விரல் நிழல் தெரிந்தால் பீங்கான், தெரியாவிட்டால் பெரும்பாலும் மண். நிஜமாகவே பழசு என்றால், தட்டு உட்காரும் அடிவளையத்தில் கீறல்கள் தாறுமாறாக ஓட வேண்டும். எல்லாம் ஒரே திசையில் இருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள். மெருகு வெடிப்பில் பழுப்பு எங்கும் ஒரே சீராக இருந்தாலும் சந்தேகம்தான், தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்திருக்கலாம்.