ஜெனரல்கள் சண்டையும் ஜெனரேட்டர் கணக்கும்

பட்டாளத்தில் இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் லீவில் வந்தால் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "சித்தப்பா, யு.என். மிஷனுக்குப் போனா எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்?" வேலூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர் எங்களுடையது. அவர்கள் கேட்பது நியாயம்தான். நம் அரசு தரும் வெளிநாட்டுப் படியே முக்கியம், யு.என். நேராக வீரன் கையில் கொடுத்த தினப்படி நாளுக்கு 1.28 டாலர்தான் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். அதோடு பேச்சு முடிந்துவிடும். மிஷனிலிருந்து நாங்கள் திரும்பி வந்த கதையை யாரும் கேட்டதில்லை. போனது சுலபம். மூட்டை கட்டித் திரும்பியதுதான் பெரிய பாடு.

2000-ம் ஆண்டின் தொடக்கத்தில் யு.என்., அதாவது ஐ.நா. அமைதிப் படையில் சியரா லியோன் போனேன். மேற்கு ஆப்பிரிக்காவில், கடலோரத்தில் இருக்கும் சின்ன நாடு. நான் ஹவில்தார் கிளார்க். துப்பாக்கியை விட ஸ்டேப்ளரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி, மலேரியா மாத்திரை, நீலத் தொப்பி எல்லாம் வாங்கிக்கொண்டு லுங்கி விமான நிலையத்தில் இறங்கினோம். லுங்கி என்ற பெயரைக் கேட்டு எங்கள் கூட்டத்தில் இருந்த நாலு தமிழ்ப் பையன்களும் விழுந்து விழுந்து சிரித்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது. அங்கிருந்து முகத்துவாரத்தைக் கடந்தால்தான் தலைநகர் ஃப்ரீடவுன்.

அங்கே யார் தலைவர் என்ற சண்டை எங்களுக்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது. அது தெரியாமல் மற்றது புரியாது. 1991-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர் அது. ஆர்.யு.எஃப். என்ற கிளர்ச்சிப் படை ஒரு பக்கம். அதை எதிர்த்து நின்றது ஈகோமாக் என்ற மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டுப் படை. கூட்டுப் படை என்று பேர். ஆளும் பணமும் பெரும்பகுதி நைஜீரியாவுடையது. 1999 ஜனவரி 6 அன்று கிளர்ச்சியாளர்கள் ஃப்ரீடவுனுக்குள்ளேயே புகுந்தபோது தெருத்தெருவாகச் சண்டை போட்டு விரட்டியவர்கள் அவர்கள்தான். அதே வருடம் ஜூலையில் டோகோவின் லோமே நகரத்தில் சமாதான ஒப்பந்தம். அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1270-ம் தீர்மானம் போட்டு 6,000 பேர் கொண்ட அமைதிப் படையை அறிவித்தது. அதற்குத் தளபதியாக வந்தவர் இந்தியரான மேஜர் ஜெனரல் விஜய் குமார் ஜேட்லி. மிஷனின் அரசியல் தலைவர் ஒலுயெமி அடெனிஜி, துணைத் தளபதி பிரிகேடியர் ஜெனரல் முகமது கார்பா, இருவரும் நைஜீரியர்கள். ஈகோமாக்கில் இருந்த நைஜீரிய பட்டாலியன்கள் பல, தொப்பியை மட்டும் நீலமாக மாற்றிக்கொண்டு அப்படியே ஐ.நா. படையாகிவிட்டன.

வருடக்கணக்கில் வயலைக் காத்தவன் ஒருவன் இருக்க, அறுப்புக்கு மேஸ்திரியாக வெளியூர்க்காரனைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன ஆகும்? அதுதான் அங்கே ஆனது. அன்று எனக்கு இப்படித் தோன்றவில்லை. 'நம்ம ஜெனரல்தான் இங்கே எல்லாருக்கும் மேலே' என்று காலர் தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் ஒரு நைஜீரியப் பிரிவு இருந்தது. அதில் ஒரு சார்ஜென்ட், என்னைப் போலவே ஸ்டோர் கணக்கு பார்ப்பவர். மேலதிகாரியை 'ஓகா' என்பார்கள் அவர்கள். எங்கள் சுபேதார் சாபையும் அவர் ஓகா என்றே கூப்பிட, சாபுக்கு அதில் ஏக சந்தோஷம். சாப்பாட்டில் கொஞ்சம் நெருக்கமானோம். அந்த ஊரில் மரவள்ளி இலையை இடித்துக் கீரை மாதிரி சமைத்துச் சோற்றில் ஊற்றுகிறார்கள். நம் ஊரில் கிழங்கை எடுத்துக்கொண்டு இலையை ஆட்டுக்குப் போடுகிறோம் என்றேன். சார்ஜென்ட் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

ஒருநாள் பேச்சுவாக்கில் ஈகோமாக்கில் செத்த தன் ஆட்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் பதில் சொல்ல முடியவில்லை.

2000 மே மாதம் எல்லாம் கலைந்தது. ஆர்.யு.எஃப். ஐ.நா. வீரர்கள் சுமார் 500 பேரைப் பிணை பிடித்தது. அதில் ஜாம்பியர்கள் அதிகம். கிழக்கே கைலாஹுனில் எங்கள் கூர்க்கா ரைஃபிள்ஸின் இரண்டு கம்பெனிகள் சுற்றி வளைக்கப்பட்டன. எழுபத்தைந்து நாள் அவர்கள் ஆயுதத்தைக் கீழே வைக்காமல் அங்கேயே இருந்தார்கள். அந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். என் மேஜையில் இரண்டு ஃபைல் இருந்தது. ஒன்று ஃப்ரீடவுன் மாமி யோகோ ஹோட்டலில் இருந்த ஐ.நா. தலைமையகத்திலிருந்து வரும் உத்தரவுகளுக்கு. இன்னொன்று டெல்லிக்கு. முதல் ஃபைலை விட இரண்டாவது சீக்கிரம் தடித்தது. எங்களுக்கு மட்டும் இல்லை. எல்லா நாட்டுப் படைக்கும் அப்படித்தான். ஃபோர்ஸ் கமாண்டர் கையெழுத்துப் போட்டு ஒரு உத்தரவு வந்தால், ஒவ்வொருவரும் அதைத் தன் நாட்டுத் தலைநகரத்திடம் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார்கள். அந்த நேரத்தில் வந்திறங்கிய பிரிட்டிஷ் படையும் ஐ.நா. கமாண்டுக்குக் கீழே வராமல் தனியாகவே நின்றது. ஜூன் மாதம் ஐ.நா. அனுப்பிய ஆய்வுக் குழுவும் மிஷனுக்குள் ஒற்றுமை இல்லை என்றுதான் எழுதியது. அதை எழுத நியூயார்க்கிலிருந்து வர வேண்டியதில்லை, என் மேஜையைப் பார்த்திருந்தால் போதும்.

ஜூலை 15 அன்று கொட்டுகிற மழையில் 'ஆபரேஷன் குக்ரி' தொடங்கி, கைலாஹுனில் இருந்தவர்களை மீட்டுக் கொண்டுவந்தார்கள். நம்மவர் ஒருவர், ஹவில்தார் கிரிஷன் குமார், உயிரை விட்டார். அந்த நடவடிக்கையில் கானா, நைஜீரிய வீரர்களும் பங்கெடுத்தார்கள். இதை நம் ஊரில் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அன்று இரவு எங்கள் முகாமில் பக்கத்து சார்ஜென்டும் வந்து டீ குடித்தார்.

இரண்டே மாதம். செப்டம்பரில் ஜெனரல் ஜேட்லி மே மாதம் எழுதியிருந்த ரகசியக் குறிப்பு ஒன்று பத்திரிகைக்குக் கசிந்து உலகம் பூராவும் வந்துவிட்டது. நைஜீரிய ராணுவத்தின் பெரிய தலைகளுக்கு வைர வியாபாரத்தில் ஆதாயம் இருக்கிறது, சமாதானம் வருவதில் அவர்களுக்கு அக்கறை இல்லை, துணைத் தளபதி உள்பட அவர்கள் தன் வேலையைக் கெடுக்கிறார்கள் என்று அதில் குற்றச்சாட்டு. நைஜீரியா அடியோடு மறுத்தது. அவரை மாற்றியே ஆக வேண்டும், அவருக்குக் கீழே இனி வேலை செய்ய மாட்டோம் என்று நின்றது. யார் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று தீர்ப்புச் சொல்ல ஒரு கிளார்க்கால் ஆகாது. ஆனால் ஒரு தளபதி தன் துணைத் தளபதியைப் பற்றி இப்படி எழுதி, அது வெளியேயும் வந்தபிறகு இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார முடியாது என்பது கிளார்க்குக்கும் தெரியும்.

அந்த வாரத்திலிருந்து சார்ஜென்ட் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பாலும் நின்றது. வேலி ஓரமாக எதிர்ப்பட்டால் கையைத் தூக்குவார், அவ்வளவுதான்.

செப்டம்பர் மாதமே இந்தியா தன் 3,000-க்கும் மேற்பட்ட வீரர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அடுத்து ஜோர்டானும் கிளம்புகிறேன் என்றது. நவம்பரில் கென்யாவின் லெப்டினன்ட் ஜெனரல் டேனியல் ஒபாண்டே புதுத் தளபதியானார். துணைத் தளபதி பதவி மறுபடியும் ஒரு நைஜீரியருக்கு, மார்ட்டின் அக்வாய்க்கு. சீஃப் ஆஃப் ஸ்டாஃப் நாற்காலி பிரிட்டிஷ்காரருக்கு. ஒரு கானா நாட்டு கிளார்க் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார். 1990-ல் லைபீரியாவுக்குப் போன ஈகோமாக்கின் முதல் தளபதி அவர்கள் ஊர்க்காரர், ஜெனரல் ஆர்னால்ட் குவைனூ. அந்த செப்டம்பரில் லைபீரிய ஜனாதிபதி சாமுவேல் டோவை ஈகோமாக் தலைமையகத்திலேயே வைத்துக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். குவைனூ போய் நைஜீரியர் ஒருவர் வந்தார், அதற்கப்புறம் அந்த நாற்காலி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை என்றார். இவர்களுக்குள்ளேயே இவ்வளவு இருக்கிறதா என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சரி, ஜெனரல்கள் கதை போதும். மூட்டை கட்டிய கதைக்கு வருகிறேன்.

ஐ.நா. மிஷனுக்குப் படை அனுப்பும் நாடு வண்டி, ஜெனரேட்டர், கூடாரம், சமையல் சாமான் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோகும். அதற்கு யு.என். மாத வாடகை தரும். பழுது பார்ப்பதும் ஸ்பேர் பார்ட்ஸும் நம் பொறுப்பு என்றால் அதற்கு 'வெட் லீஸ்' என்று பெயர். அவர்கள் பொறுப்பு என்றால் 'டிரை லீஸ்'. வந்து இறங்கியதும் ஒரு பரிசோதனை, நடுநடுவே வண்டி ஓடுகிறதா என்று ஒரு பரிசோதனை, கிளம்பும்போது கடைசியாக ஒன்று. இறங்கியபோது எழுதிய எண்ணும் கிளம்பும்போது இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காசு நிற்கும், கேள்வி வரும், கேள்வி எப்போதும் கிளார்க்கிடம்தான் வரும்.

கடைசிப் பரிசோதனைக் குழுவில் மூன்று நாட்டுக்காரர்கள். கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர் ஒரு நைஜீரிய கேப்டன். எங்கள் சுபேதார் சாப் பார்த்ததுமே "காம் ஹோ கயா", கதை முடிந்தது என்று முனகினார்.

வண்டிகள் முடிந்து ஜெனரேட்டருக்கு வந்தார்கள். கேப்டன் குனிந்து பார்த்தார். நம்பர் பிளேட் இருந்தது, நம்பர் இல்லை. அடுத்ததைப் பார்த்தார். அதிலும் இல்லை. ஐ.நா. என்றால் வெள்ளை என்று சொல்லி, இந்தியாவிலிருந்து புறப்படுவதற்கு முன்னால் எங்கள் பையன்கள் சக்கரம் தவிர எல்லாவற்றுக்கும் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். நம்பர் பிளேட்டுக்கும் சேர்த்து. பிறகு ஒருமுறை பளிச்சென்று இருக்கட்டும் என்று இரண்டாவது கோட் வேறு. 'இறங்கியபோது எப்படிப் பதிந்தார்கள்?' என்று கேட்டார். நாங்கள் கொடுத்த டைப் செய்த லிஸ்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அதை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

"நம்பரைக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள். மண்ணெண்ணெய், பழைய பனியன், பிளேடு. டிசம்பர் மாதம், சகாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று தூசியை வாரிக் கொண்டுவந்து ஈரப் பெயின்டின் மேல் அப்பியது. ஓரமாகச் சுரண்டினால் நம்பரே தேய்ந்துவிடும் என்று பயம். பழி வாங்குகிறான், குறிப்பு கசிந்ததற்கு எங்களிடம் தீர்த்துக்கொள்கிறான் என்று பையன்கள் காதுபடவே பேசினார்கள். எனக்கும் அதே நினைப்புதான். கடைசியில் ஒரு ஜெனரேட்டரில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தது. என் டைப்பிங் தப்பு. கேப்டன் அதைத் திருத்தி, என்னிடம் காரணம் எழுதி வாங்கி, மூன்று நகல் கேட்டார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

சில நாள் கழித்து கானாக்கார நண்பரைப் பார்த்தபோது இதைப் புலம்பினேன். "அந்த ஆளா?" என்றார். போன மாதம் அவர்கள் முகாமில் தண்ணீர் டேங்க் ஒன்றுக்காக மூன்று நாள் உட்கார்ந்திருந்தாராம்.

அப்புறம் நடந்ததெல்லாம் வெறும் வேலை. சக்கரத்தில் அந்த ஊர் மண் ஒரு பிடி இருக்கக்கூடாது என்று கழுவினோம். கழுவி முடித்த இடத்தில் மறுபடி தூசி. குண்டு, தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, தனிக் காகிதம். ஃப்ரீடவுன் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்தது, ஏற்றியது, பெட்டிக்குப் பெட்டி டிக் அடித்தது. எங்கள் இடத்துக்கு வேறு நாட்டுப் படைகள் வந்துகொண்டிருந்தன. பங்களாதேஷ்காரர்கள் நன்றாகச் சமைப்பார்கள் என்று அதற்குள் ஊரில் பேச்சு. 2001 தொடக்கத்தில் நாங்கள் லுங்கியில் விமானம் ஏறினோம். யாரும் சிரிக்கவில்லை.

சார்ஜென்டிடம் சொல்லிக்கொள்ள வேலி வரை போனேன். அவர் டியூட்டியில் இல்லை என்றார்கள். மிச்சமிருந்த டீத்தூளை அவருக்கென்று கொடுத்துவிட்டு வந்தேன். போய்ச் சேர்ந்ததா, தெரியாது.

2016 நவம்பரில் தெற்கு சூடானில் ஐ.நா. படைத் தளபதியாக இருந்த கென்ய ஜெனரலைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். ஜூலையில் ஜூபாவில் நடந்த சண்டையில் மிஷன் மக்களைக் காக்கவில்லை என்று காரணம். மறுநாளே கென்யா தன் ஆயிரத்துச் சொச்சம் வீரர்களைத் திரும்பக் கூப்பிட்டது. பேப்பரில் படித்தபோது ஜெனரல் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. எங்கோ ஒரு கென்ய கிளார்க் இந்நேரம் லிஸ்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது.

போன மாதம்கூட ஒரு பையன் வந்து கேட்டான், மிஷனுக்குப் பேர் வந்திருக்கிறதாம். பணத்தைப் பற்றிச் சொன்னேன். பிறகு, வெள்ளை பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் நம்பர் பிளேட் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டச் சொன்னேன். எதுக்கு சித்தப்பா என்றான். ஒட்டுடா, சொல்றேன் என்றேன்.