அந்த இரவு யாரும் கதவைத் தட்டவில்லை

நோர்வேக்கு வந்து எனக்கு அது மூன்றாவது கோடை. 2011 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. துப்பரவு வேலை முடித்து, குறூருட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். பின்னேரம் 3.25க்கு ஒஸ்லோ நகர மையத்தில் அரச அலுவலகங்கள் இருக்கும் இடத்தில் குண்டு வெடித்தது. தொலைக்காட்சியில் கண்ணாடித் துண்டுகள், காற்றில் பறக்கும் கடதாசிகள், தலையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஆட்கள். அதைப் பார்த்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்து எங்கள் கடவுச்சீட்டுகள், வதிவிட அனுமதி, கலியாணப் பதிவு, வேலை ஒப்பந்தம் எல்லாவற்றையும் அதற்குள் போட்டுக் கதவடியில் வைத்ததுதான். பக்கத்தில் ஒரு தடித்த மேற்சட்டை.

"என்னப்பா செய்யுறீங்கள்?" என்றாள் மனைவி. அவள் இங்கேயே வளர்ந்தவள்.

"இரவைக்கு ரவுண்டப் வரும்" என்றேன்.

சுற்றி வளைத்து, வீடு வீடாகத் தேடி ஆட்களைப் பிடிப்பதைத்தான் நாங்கள் ரவுண்டப் என்போம். அது பழக்கம். 2007இல் விசாவுக்காகக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். அந்த ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர் 300 பேருக்கும் மேல் பஸ்களில் ஏற்றி, நகரத்தை விட்டு அனுப்பப்பட்டார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். எங்கள் லொட்ஜுக்கு அன்று யாரும் வரவில்லை. ஆனாலும் விடியும் வரை சப்பாத்தோடுதான் இருந்தேன். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு அதை நிறுத்தியது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அந்த ஒரு கட்டளையால் எத்தனை பேருக்கு மூச்சு வந்தது என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான். ஆனால் அதற்குப் பிறகும் பொலிஸைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கம் மாறித்தான் நடந்தோம்.

சரி, ஒஸ்லோவுக்கு வருகிறேன். அன்று இரவு பத்தரைக்கும் வானத்தில் வெளிச்சம் இருந்தது. யன்னலடியிலேயே நின்றேன். ஊத்தோயா தீவில் இளைஞர் முகாமில் சூடு நடக்கிறது என்ற செய்தி அதற்குள் வந்திருந்தது. சுட்டவன் பிடிபட்டான், நோர்வேக்காரன் என்றார்கள். குண்டை வைத்தவனும் அவன்தான். குண்டில் 8 பேர், தீவில் 69 பேர் இறந்தார்கள். அவன் பொலிஸ் உடுப்பில் போயிருந்தான். அந்த உடுப்பை நம்பித்தான் பிள்ளைகள் அவனுக்குக் கிட்டப் போனார்கள். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது. தீவிலிருந்து நீந்தித் தப்பியவர்களில் எங்கள் கம்சாயினி குணரத்தினமும் ஒருவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவர். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயரானார், 2021இல் நாடாளுமன்றம் போனார்.

அந்த இரவு யாரும் எங்கள் கதவைத் தட்டவில்லை. பை மூன்று நாள் கதவடியிலேயே கிடந்தது. திங்கட்கிழமை நகரமே கையில் ரோஜாப் பூவோடு தெருவில் இறங்கியபோது நாங்களும் போனோம். திரும்பி வந்து பையை அவிழ்த்து எல்லாவற்றையும் லாச்சிக்குள் வைத்தேன்.

அடுத்த வருடம் ஏப்ரலில் வழக்குத் தொடங்கியது. தனிச் சட்டமும் இல்லை, தனி நீதிமன்றமும் இல்லை. ஒஸ்லோ மாவட்ட நீதிமன்றம், அவனுக்கு வழக்கறிஞர், பாதிக்கப்பட்டவர்களுக்கும் வழக்கறிஞர். தீர்ப்பு 21 ஆண்டு, ஆபத்து நீங்காவிட்டால் நீட்டிக்கலாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவனுக்கு இத்தனை மரியாதையா? எங்கள் நாட்டில் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அப்போது 18 மாதம் வரை வழக்கில்லாமல் தடுத்து வைக்கலாம், பொலிஸிடம் கொடுத்த வாக்குமூலமே போதும். அதில் உள்ளே போன எத்தனை பேரை எனக்குத் தெரியும். அந்தக் குடும்பங்களில் யாராவது பிறகு பொலிஸிடம் தாங்களாகப் போய் ஒரு தகவல் சொல்லியிருப்பார்களா? இதை யோசித்தபோதுதான் கோபம் இறங்கியது.

என்னை முழுதாக மாற்றியது தீர்ப்புக்கு முன்பே, 2012 ஆகஸ்ட் 13இல் வந்த விசாரணைக்குழு அறிக்கை. அரசாங்கமே நியமித்த குழு, அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னது: தீர்மானித்த பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்து முடித்திருந்தால் குண்டைத் தடுத்திருக்கலாம், கொலைகாரனை இன்னும் முன்னதாக நிறுத்தியிருக்கலாம். குண்டு வெடித்த சில நிமிடங்களில் வழிப்போக்கர் ஒருவர் பொலிஸுக்கு அழைத்து, ஆயுதத்தோடு சீருடையில் ஒருவன் காரில் ஏறியதையும் காரின் இலக்கத்தையும் சொல்லியிருக்கிறார். அதை ஒரு சீட்டில் எழுதி வைத்தார்கள். சீட்டு மேசையிலேயே கிடந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். மூன்று நாளில் பொலிஸ் தலைமை அதிகாரி பதவி விலகினார். நோர்வேஜிய வகுப்பில் நாங்கள் அதைப் பற்றிப் பேசினோம். சோமாலியாவிலிருந்து வந்த ஒருவர் ஆசிரியரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார், "இதை எழுதினவர்களுக்கு ஒன்றும் நடக்காதா?"

அப்புறம் ஒரு மாரிகாலம். வேலைக்குப் போகும் வழியில், நிலக்கீழ் ரயில் நிலையத்தில் தூணடியில் தனியாக ஒரு கறுப்புப் பை. கொழும்பென்றால் பார்க்காதது போல் போயிருப்பேன். சொன்னவனைத்தானே முதலில் பிடிப்பார்கள். கைபேசியை எடுத்து பொலிஸின் 02800 இலக்கத்துக்கு அடித்தேன். மறுமுனையில் ஒரு பெண். என்ன நிறம், எவ்வளவு நேரமாகக் கிடக்கிறது, நான் எவ்வளவு தூரத்தில் நிற்கிறேன் என்று கேட்டாள். கடைசியில் பெயரைக் கேட்டாள். என் நீளமான பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன், அவளும் எழுத்தெழுத்தாகத் திரும்பச் சொன்னாள். வீட்டு விலாசத்தை அவள் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்.

அரை மணியில் அழைப்பு வந்தது. பள்ளிப் பிள்ளை ஒன்று மறந்துவிட்டுப் போன பை. உள்ளே உதைபந்தாட்டச் சப்பாத்தும் ஈரத் துவாயும் இருந்தனவாம்.