வெங்காயமில்லாத சாம்பாரும் தண்ணீர்மலைத் தாய்ச்சியும்

குடலுக்குள் கேமராக் குழாய் (ஸ்கோப்) விட்டுப் பார்த்த டாக்டர், "புண்ணு, கட்டி ஒண்ணும் இல்ல, குடல் எரிச்சல் நோய், ஐபிஎஸ்தான்" என்றதும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. எனக்குத்தான் இல்லை. பினாங்கில் பட்டர்வொர்த் ஃபெரிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வயிறு பிசையும். ஸ்கோப்பில் தெரியாத நோய்க்கு ஆபீசில் என்ன சொல்லி லீவு கேட்பது?

வலிக்கு மெபெவெரின் எழுதித் தந்தவர், பதற்றம் குறைய யோகாவோ, தாய்ச்சி என்ற நிதானமான சீன உடற்பயிற்சியோ பழகச் சொன்னார். "யோகா நம்மளது, அத விட்டுட்டு தாய்ச்சியாம்மா?" என்று அம்மாவுக்கு வருத்தம். ஆனால் யோகா வகுப்புக்குக் காசு, அதுவும் ராத்திரியில். தண்ணீர்மலை முருகன் கோயிலைத் தாண்டினால் பொட்டானிக் கார்டன், விடிகாலையில் தாய்ச்சி இலவசம்.

அங்கே பெரும்பாலும் ஓய்வுபெற்ற சீனப் பெரியவர்கள். 1956-இல் சீனாவில் சுருக்கி வகுத்த 24 அசைவுகளைத்தான் செய்கிறார்கள். முன்னால் நிற்கும் ஆன்ட்டி என் கையைத் திருத்தவே மாட்டார். தன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துக் காட்டி, "பெலான்-பெலான், பெருட் ஜாங்கான் கெராஸ்" என்று மலாயில் சொல்வார். மெதுவாக, வயிற்றை இறுக்காமல் மூச்சு விடவேண்டும். அப்போதுதான் தெரிந்தது, நான் நாள்முழுக்க வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) இறங்கி ஏறும் இப்படியான நிதான மூச்சு, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி உடலை அமைதிப்படுத்தும் என்பது டாக்டரின் விளக்கம்.

வலி போய்விடவில்லை. இடைவெளி விட்டு வருகிறது, ஃபெரியில் உட்கார முடிகிறது. ஆனால் அதே சமயம் டயட்டீஷியன் சொல்லி வெங்காயம், பூண்டு, பருப்பையும் குறைத்திருந்தேன். குடலில் சரியாகச் செரிக்காமல் புளிக்கும் சர்க்கரை வகைகளைக் குறைக்க, மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த ஃபாட்மேப் முறை அது. (வெங்காயமில்லாத சாம்பாரோடு ஒப்பிட்டால் 24 அசைவும் சுலபம்.) எது வேலை செய்ததென்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஐபிஎஸ்ஸுக்குத் தாய்ச்சி பற்றிய ஆய்வுகளும் சிறியவை, சிலவே. மாத்திரைக்குத் துணையாகச் செய்யலாம், பதிலாக அல்ல. முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே செய்கிறார்கள்.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு நெஞ்செரிச்சலும் மேல்வயிற்று வலியும். "நானும் வரேன்" என்றார். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட நம் இந்தியர்களிடம், இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடிய ஹெலிகோபாக்டர் கிருமி அதிகம். அதற்கு ஆன்டிபயாட்டிக்தான், மூச்சுப் பயிற்சி இல்லை. எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் போனாலோ ஸ்கோப்பே பார்க்கவேண்டும். மாமாவை முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அந்தக் கிருமியைக் கண்டறியும் மூச்சு டெஸ்டுக்கு முன் இரண்டு வாரம் கேஸ்ட்ரிக் மாத்திரையை நிறுத்தணும் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. இப்போது பூங்காவுக்கு வருகிறார், டெஸ்ட் தேதியை எண்ணிக்கொண்டே.