பாரிஸில் பர்ஸ் பத்திரம்

பாரிஸில் சுற்றுலாப் பயணிகள் பறிகொடுப்பதெல்லாம் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் போகும். பேன்ட் பாக்கெட்டில் இருந்த பர்ஸ், தோள்பையில் இருந்த பாஸ்போர்ட், காபி மேஜையில் வைத்த போன். 2013 ஏப்ரலில், ஜேப்படிக் கூட்டத்தின் தொல்லை தாங்காமல் லூவ்ர் அருங்காட்சியக ஊழியர்களே வேலைநிறுத்தம் செய்ததில் அருங்காட்சியகம் ஒரு நாள் மூடிக் கிடந்தது. 2015 மே மாதம் ஐஃபெல் கோபுர ஊழியர்களும் இதே காரணத்துக்காக வேலையை நிறுத்தினார்கள்.

அதிகம் கவனிக்க வேண்டிய இடம் மெட்ரோ ரயிலின் கதவு. கதவு மூடப்போகும் ஒலி வந்ததும், வாசலோரம் நிற்கும் ஒருவன் உங்கள் கையிலிருக்கும் போனைப் பறித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் குதிப்பான். கதவு மூடிக்கொள்ளும், அடுத்த ஸ்டேஷன் வரை நீங்கள் ரயிலுக்குள் கைதி. அதனால் வாசலை விட்டு நடுப்பக்கம் போய் நில்லுங்கள், போனை அப்புறம் எடுங்கள். ஏறும்போது வேறு முறை. முன்னால் போகிறவர் எதையோ தவறவிட்டதுபோல் சட்டென்று நிற்பார், பின்னாலிருப்பவர் இடிப்பார், பையைத் திறப்பது மூன்றாவது ஆளின் கை. எஸ்கலேட்டரின் உச்சியிலும் டிக்கெட் கேட்டிலும் இதே நாடகம்தான். முன்னால் யாராவது காரணமில்லாமல் நின்றால் உங்கள் கை முதலில் ஜிப் மேல் போக வேண்டும். 1, 6, 9 எண் மெட்ரோக்களும் விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்இஆர் பி ரயிலும் சுற்றுலாக் கூட்டம் ஏறும் தடங்கள் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. 'ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை' என்று பல மொழிகளில் அறிவிப்பு வரும். கேட்டதும் பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று நீங்களே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் படிக்கட்டின் அடியில் கலர் நூலோடு சிலர் நிற்பார்கள். பேசிக்கொண்டே உங்கள் விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, பிறகு காசு கேட்பார்கள். கையைப் பாக்கெட்டில் விட்டபடி, 'நோ, மெர்சி' என்று நடையை நிறுத்தாமல் போய்விடலாம். வம்பே வேண்டாமென்றால் பக்கத்திலேயே இழுவை ரயில் இருக்கிறது. வேறு சிலர் காது கேளாதோருக்கான மனு என்று அட்டையை நீட்டிக் கையெழுத்து கேட்பார்கள். அட்டை உங்கள் பையை மறைக்கும் நேரத்தில் அடியில் வேலை முடிந்துவிடும். ஐஃபெல் பக்கம் மூன்று கிண்ணம் கவிழ்த்து ஆடும் சூதாட்டத்தில் ஜெயித்துக் குதிக்கிறவர்கள் சூதாட்டத்தை நடத்துகிறவர்களின் ஆட்களே.

நம்மூர்ச் சாப்பாடு தேடி லாச்சப்பல் போகிறவர்கள் கார் து நோர் ஸ்டேஷனையும் அடுத்த பார்பேஸ் மெட்ரோ வாசலையும் கடக்கும்போது போனை உள்ளே வைத்துவிடுங்கள். தாலிக்கொடி, கனத்த சங்கிலி எல்லாம் ஊரிலேயே இருக்கட்டும். மஞ்சள் கயிறு போதும்.

ஷார்ல் த கோல் விமான நிலையத்துக்குள் 'டாக்ஸி?' என்று நெருங்கி வருகிறவர் யாரும் முறையான ஓட்டுநர் இல்லை. வெளியே டாக்ஸி வரிசைக்குப் போங்கள். கூரை விளக்கு பச்சையென்றால் வண்டி காலி, சிவப்பென்றால் ஆள் இருக்கிறது. நகருக்குள் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது: 2025 நிலவரப்படி சேன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. மெட்ரோ டிக்கெட்டை மெஷினில் அல்லது கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். 'உதவி செய்கிறேன்' என்று வருகிறவர் தருவது செல்லாத டிக்கெட்டாக இருக்கலாம். அபராதம் உங்கள் தலையில்தான் விழும்.

கார்டு இரண்டு வேண்டும், ஒன்று பர்ஸில், மற்றது அறையில். பின் எண் இல்லாமல் தட்டிச் செலுத்தும் வரம்பு பிரான்ஸில் ஒரு முறைக்கு 50 யூரோ. கார்டு தொலைந்தால் அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். எனவே வங்கி ஆப்பில் வெளிநாட்டு வரம்பைத் தினச்செலவு அளவுக்குக் குறைத்து வையுங்கள். பலரும் யோசிக்காத சிக்கல் இன்னொன்று: போன் போனால் சிம்மும் போகும், ஓடிபியும் அதோடு போகும், கார்டை முடக்க ஆப்பும் இருக்காது. கூட வருகிறவரின் போனிலும் ஒரு தாளிலும் வங்கியின் +91 எண்ணை எழுதி வையுங்கள். 1800 எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைக்காது. *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணையும் (போனின் அடையாள எண்) அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் கேட்டால் வெளிநாட்டவர் ஆவணம் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் கட்டும் இடுப்புப் பையில் வையுங்கள். தெருவில் அதைத் திறக்காதீர்கள். விசா பக்கத்தோடு நகல் மெயிலில் இருக்கட்டும்.

தொலைந்துவிட்டால் முதலில் கார்டு, அப்புறம் சிம், பிறகு காவல் நிலையம். அவசரத்துக்கு 112, போலீஸுக்கு 17. புகார் கொடுத்ததற்கான ரசீதை வாங்காமல் வராதீர்கள். பயணக் காப்பீட்டுக்கும் தூதரகத்துக்கும் அது வேண்டும். இந்தியத் தூதரகம் 16ஆம் வட்டாரத்தில், ஆல்ஃப்ரெட் தெஓதாங் தெருவில் இருக்கிறது; 9ஆம் எண் மெட்ரோவில் லா மூயெத் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். பாஸ்போர்ட் தொலைந்தால் அதற்குப் பதிலாக அவசரத்துக்குத் தரப்படும் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் இந்தியா திரும்புவதற்கு மட்டுமே. பாரிஸுக்கு அடுத்து சுவிட்சர்லாந்து என்று போட்டிருந்தால், அந்த ஓட்டல் முன்பதிவை அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள்.