சார்ட் பன்னிரண்டு, மார்க்கர் இரண்டு

ஜூலை 7, 2025, திங்கள்

கடை ஷட்டரைத் தூக்கும்போதே பிளஸ் டூ பிள்ளைகள் ஆறு பேர் வாசலில் நின்றார்கள். கையில் கோடு போட்ட தாளில் எழுதிய மனு. டைப் அடித்து நாற்பது காப்பி வேண்டுமாம். எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்தில் நாலு ஆசிரியர்களுக்கு வெள்ளிக்கிழமையோடு கணக்கு முடித்துவிட்டார்கள். காமர்ஸ் டீச்சர், கம்ப்யூட்டர் சார், ஆறு முதல் எட்டு வரை எடுக்கும் இரண்டு பேர். செயலர் சொன்ன காரணம், "இந்த வருஷம் பட்ஜெட் இடிக்குது."

அடிக்கும்போது ஒரு சந்தேகம். சுற்றறிக்கையில் 'பணிவிடுவிப்பு' என்று இருக்கிறது, பிள்ளைகள் 'பணிநீக்கம்' என்று எழுதியிருக்கிறார்கள். எதைப் போட என்று கேட்டேன். இரட்டைச் சடைப் பிள்ளை யோசிக்கவே இல்லை. "நீக்கம்னே போடுங்கண்ணே. விடுவிச்சிருந்தா டீச்சர் ஏன் அழுகுறாங்க?"

ஜூலை 8, செவ்வாய்

டீக்கடை முழுக்க இதே பேச்சு. சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணம் 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்ததால்தான் என்கிறார் ஒருவர். பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடாததில் ஆரம்பித்த இழுபறி மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது உண்மைதான். ஆனால் எங்கள் ஊர்க் கதை வேறு.

இது அரசு உதவி பெறும் பள்ளி. பர்மாவில் சம்பாதித்த ஒரு நகரத்தார் குடும்பம் கட்டியது. தலைமையாசிரியர் அறையில் இன்னமும் ஆத்தங்குடிக் கல்லும் தேக்குத் தூணும்தான். அரசு அனுமதித்த பணியிடத்துக்கு மட்டுமே அரசுச் சம்பளம். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வார்கள். ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஒருவர். காரைக்குடிப் பக்கமிருந்து வேன்கள் தெருத்தெருவாக வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகின்றன. எண்ணிக்கை தேய்ந்தது, ஓய்வு பெற்றவர்களின் இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. அந்த இடத்தில் நிர்வாகம் கைக்காசு போட்டு ஆள் வைத்தது. கைக்காசு என்றால் அறக்கட்டளைக்கு வரும் கடை வாடகை. ஒரு காலத்தில் லாபத்தில் ஒரு பங்கை மகமையாக எடுத்து வைத்துக் கோயிலையும் பள்ளியையும் நடத்தினார்கள். வியாபாரமே ஊரில் இல்லாதபோது மகமை எங்கிருந்து வரும்? வாரிசுகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்.

காமர்ஸ் டீச்சருக்கு மாதம் 9,000 ரூபாய். ராத்திரி தங்கச்சியிடம் போனில் சொன்னேன். அவள் அரசுப் பள்ளியில் பகுதி நேரத் தையல் ஆசிரியை. 2012-ல் 5,000-க்குச் சேர்ந்தாள், இப்போது 12,500, மே மாதம் சம்பளம் கிடையாது. "அப்ப நான் பரவாயில்லைண்ணே" என்றாள். இதில் ஒரு ஆறுதல்!

ஜூலை 9, புதன்

இன்று நாடு முழுக்கத் தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தம். இங்கே பஸ் ஓடியது, கடையும் ஓடியது. பிள்ளைகள் சார்ட் பன்னிரண்டு, மார்க்கர் இரண்டு கடனுக்கு வாங்கினார்கள். "கணக்குல எழுதிக்கங்கண்ணே." நீங்களே எழுதுங்கப்பா என்று நோட்டைத் தள்ளினேன். ஒரு பையன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பற்று வரவு பிரித்து, புத்தகத்தில் இருப்பது போலவே குறிப்பேட்டுப் பதிவாக எழுதிவிட்டான். காப்பியையும் சேர்த்து 250 ரூபாய்.

ஜூலை 11, வெள்ளி

வகுப்புப் புறக்கணிப்பு. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் போடவில்லை, பாதிப் பேர் கையில் கணக்குப் பதிவியல் புத்தகம். டி.சி. கொடுத்துவிடுவோம் என்று மிரட்டியதும் மதியத்துக்குள் பெற்றோர் கூட்டம். ஒரு அம்மா மகன் காதைத் திருகிக்கொண்டே உள்ளே போனார், வெளியே வரும்போது மரத்தடியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே என்ன சொன்னார்களோ.

பள்ளிக்கூடத்துக் கிளார்க் போன் பண்ணினார். "மனு எங்க அடிச்சதுன்னு செயலர் கேக்குறார்." ஊரில் இன்னொரு ஜெராக்ஸ் கடை இருக்கே சார் என்றேன். பரீட்சைக் கேள்வித்தாள் முழுக்க என் கடையில்தான் அடிக்கிறார்கள். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் போட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

காமராசர் பிறந்த நாள். 2006-ல் சட்டம் போட்டதிலிருந்து பள்ளிகளில் இது கல்வி வளர்ச்சி நாள். மாலை, மைக், ஊர்ப் பெரியவர்கள் எல்லாம் வழக்கம்போல். கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் போய் நின்றேன்.

வரவேற்புரை முடிந்ததும் பன்னிரண்டு சார்ட்டும் எழுந்தன. பதினொன்றில் வழக்கமான வாசகங்கள். ஒன்றில் மட்டும் ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) மாதிரி ஒரு கணக்கு. இடது பக்கம்: நான்கு ஆசிரியர் சம்பளம், மாதம் 36,000. வலது பக்கம்: புதிய முகப்பு வளைவு, பெயிண்ட், சீரியல் லைட். தொகை போடவில்லை. ஒரு பெரிய கேள்விக்குறி மட்டும்.

செயலர் மைக் இல்லாமலே பேசினார், கோபமாகக் கூட இல்லை. "வளைவுக்குக் கொடுத்தவர் வளைவுக்குத்தான்ப்பா கொடுத்தார். சம்பளத்துக்குக் கேட்டா யாரும் தர மாட்டேங்குறாங்க." எனக்கு அது பொய்யாகப் படவில்லை. வளைவில் பெயர் பொறிக்கலாம். டீச்சர் சம்பளத்தில் எங்கே பொறிப்பது?

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது, கடையில் ஈ ஓட்டுகிறேன்.

நேற்று நடந்த பேச்சுவார்த்தையில் முடிவாகிவிட்டது. பிளஸ் டூ பொதுத்தேர்வு வரை காமர்ஸ், கம்ப்யூட்டர் இரண்டு பேரும் இருக்கலாம். ஆறு முதல் எட்டு வரை எடுத்தவர்கள் போனது போனதுதான். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு மனு எழுதத் தெரியாது. ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் காமர்ஸ் டீச்சர் கடைக்கு வந்தார். அனுபவச் சான்றிதழை நாலு காப்பி எடுக்க வேண்டும். புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் 14,000 தருகிறார்களாம், திங்கட்கிழமை சேர வேண்டும். பிள்ளைகளிடம் சொல்லியாச்சா என்றேன். "நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ் வச்சிருக்கேன். பாடத்தை முடிச்சிட்டுத்தான் சொல்லணும்."

காப்பி வரும்வரை மேசையில் கிடந்த நோட்டைப் புரட்டினார். பையன் எழுதிய பதிவில் கண் நின்றது. எழுதுபொருள் க/கு (கணக்கு) பற்று 250, அண்ணன் கடை க/கு வரவு 250.

"அண்ணன் கடையா?" என்று சிரித்தார். பிறகு முகம் மாறியது. "விளக்கக் குறிப்பு எழுதவே இல்லை பாருங்க. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்." என் பேனாவை வாங்கி, பதிவுக்குக் கீழே அடைப்புக்குறி போட்டு எழுதினார்: சார்ட் 12, மார்க்கர் 2, நகல் 40 கடனுக்கு வாங்கியது.

250 ரூபாயை எடுக்கக் கைப்பையைத் திறந்தார். "அது பிள்ளைங்க கணக்கு டீச்சர்" என்றேன். சரி என்று நாலு காப்பிக்கு எட்டு ரூபாயை மட்டும் எண்ணி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.