அம்மாவுக்கு ஸ்பெக்ட் ஸ்கேன் எடுத்த கதை

பெரிய மாமாவைத் தூக்கியதும் வீட்டுக்கு வந்து, வழக்கப்படி கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள் அம்மா. மார்கழித் தண்ணீர். ஈரச் சேலையோடு உள்ளே வந்தவள், "தலை ஏன்டி நனைஞ்சிருக்கு? எங்க போயிட்டு வந்தோம்?" என்றாள். சொன்னேன். "அண்ணன் செத்துட்டானா!" என்று அலறினாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி அதே கேள்வி, அதே அலறல். நாலாவது தடவை, "மழையில நனைஞ்சோம்மா" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் பெயரெல்லாம் சரியாகச் சொன்னாள். கை, கால், பேச்சு எதிலும் குறையில்லை. முதலில் போன இடத்தில் பக்கவாதம் என்று பயமுறுத்தினார்கள். அடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டர்தான் 'ட்ரான்சியன்ட் குளோபல் அம்னீசியா', தற்காலிகமாக வரும் மறதி, என்றார். பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருமாம், 24 மணி நேரத்துக்குள் தெளிந்துவிடுமாம். பெரிய துக்கமோ குளிர்ந்த தண்ணீரோ கிளப்பிவிடலாம். அம்மாவுக்கு இரண்டும் ஒரே நாளில்.

வலிப்பில்லை என்று மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இ.இ.ஜி. சொன்னது. எம்.ஆர்.ஐ.யிலும் ஒன்றுமில்லை, மூளையில் நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் வரும் சின்னப் புள்ளி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெளிவாகத் தெரியுமாம். இரவு பத்து மணிக்கு அம்மா தெளிந்துவிட்டாள். ஆனாலும் மூளையின் ரத்த ஓட்டத்தைப் பார்த்துவிடுவோம் என்று மறுநாள் காலை ஸ்பெக்ட், கதிர்வீச்சு மருந்தை ஏற்றி எடுக்கும் ஸ்கேன். எல்லாருக்கும் இது தேவைப்படாது என்பதையும் டாக்டரே சொன்னார்.

கையில் முன்கூட்டியே ஊசி பொருத்தி, மங்கலான அறையில் படுக்கவைத்தார்கள். பேசக்கூடாது, செல்போன் கூடாது. டெக்னீஷியம் என்ற அந்தக் கதிர்வீச்சு மருந்தை ஏற்ற வந்த நர்ஸ்கூட வாய் திறக்கவில்லை. மருந்து ஓரிரு நிமிடத்தில் மூளையில் படிந்துவிடும். அப்போது ரத்தம் எங்கே எப்படி ஓடியதோ அதுதான் படத்தில் வரும். காமிரா பிறகு சாவகாசமாகத்தான் தலையைச் சுற்றியது, அரை மணி நேரம். நெற்றியில் பட்டை கட்டி, அசையாதீர்கள் என்றார்கள். முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மருந்தின் கதிர்வீச்சு 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், ஆனாலும் அன்று பேத்தியைத் தூக்க வேண்டாம் என்றதில்தான் அம்மாவுக்குக் கோபம்.

இடது நெற்றிப்பொட்டுப் பக்கம், உள்ளே ஓரிடத்தில் ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதம் கழித்து எடுத்ததில் அது சரியாகிவிட்டது.

சாவு வீட்டில் மத்தியானம் வரை அம்மாவுக்கு நினைவிருக்கிறது. அதற்குமேல் அன்று இரவு வரை எதுவுமில்லை. "தூக்குறப்ப நான் அழுதேனாடி?" என்று எப்போதாவது கேட்பாள். "அழுதம்மா" என்பேன். வீட்டுக்கு வந்து அழுததை இன்னும் சொல்லவில்லை.